லிசார்ட் டாக்டர் செய்ததில் என்ன தப்பு?

சிப்புட் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் தமிழ்மொழிக் கழகத்தில் பட்டிமன்றம். தலைப்பைப் படிவம் நான்கு பிள்ளைகளே வைத்தார்கள்: நல்லெண்ணத்தோடு சோதனை செய்த விஞ்ஞானியைக் குற்றவாளி என்று சொல்லலாமா? சான்றுகள் சூப்பர் ஹீரோ கதைகளிலிருந்து மட்டும்தான் வரவேண்டும் என்பதும் அவர்கள் போட்ட விதி. திருக்குறளுக்கு அன்று விடுமுறையாம்.

ஒத்திகையிலேயே ஒரு பையன் எல்லோரையும் மடக்கிவிட்டான். செம்பனை ஆலையில் லாரி ஓட்டுகிறவரின் மகன், வகுப்பில் வாயே திறக்காதவன். அவன் எடுத்துக்கொண்டது ஸ்பைடர்மேன் கதைகளில் வரும் டாக்டர் கர்ட் கானர்ஸை. போரில் ஒரு கையை இழந்த மருத்துவர். பல்லிக்கு வால் அறுந்தால் திரும்ப முளைக்கிறதே, மனிதனுக்கு ஏன் கை முளைக்கக்கூடாது என்று ஆராய்ந்து மருந்து கண்டுபிடிக்கிறார். கை முளைக்கிறது. கூடவே செதிலும் வாலும் முளைத்து ஆளே லிசார்ட் என்ற பல்லி மனிதனாக மாறிவிடுகிறார். பையன் கேட்டான்: "அவர் யாரையும் பிடித்து வைத்துச் சோதிக்கவில்லை டீச்சர். தன் உடம்பில்தான் மருந்தை ஏற்றினார். இதில் என்ன தப்பு?"

எதிரணி சொன்னது படங்களில் வரும் அதே பதில். இயற்கையோடு விளையாடினார், கடவுள் வேலையில் கைவைத்தார், அனுபவித்தார். எனக்கு இந்தப் பதில் பிடிக்கவே இல்லை. அப்படிப் பார்த்தால் அம்மைத் தடுப்பூசியும் கடவுள் வேலையில் கைவைத்ததுதான். வால் இல்லாமல் கை மட்டும் முளைத்திருந்தால் அதே டாக்டருக்கு மாலை போட்டிருப்போம். அப்படியென்றால் சோதனை தோற்றதுதான் குற்றமா? இல்லை, தப்பு வேறு எங்கேயாவது இருக்கிறதா? இரண்டு அணிக்கும் உதவும்படி ஏதாவது சொல்லுங்கள்.

—

கேப்டன் ரவாங் எழுதியது:

டீச்சர், படத்தைப் படமாகப் பாருங்கள். எல்லா விஞ்ஞானியும் விண்ணப்பப் பாரம் நிரப்பி, கையெழுத்து வாங்கி, மூன்று குழுவிடம் அனுமதி கேட்டால் ஒரு ஹீரோகூட வரமாட்டான். கேப்டன் அமெரிக்கா என்ன ஆனார்? 1941 கதை. நோஞ்சான் ஸ்டீவ் ரோஜர்ஸைப் பட்டாளத்தில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள், அவனே முன்வந்து ஊசி போட்டுக்கொள்கிறான், நாட்டைக் காப்பாற்றுகிறான். சோதனை வெற்றி. யாராவது குறை சொன்னார்களா?

என் கணக்கு சிம்பிள். எண்ணம் நல்லது, முடிவு நல்லது என்றால் ஹீரோ. எண்ணம் நல்லது, முடிவு கெட்டது என்றால் பாவப்பட்டவன். எண்ணமே கெட்டது என்றால்தான் வில்லன். லிசார்ட் இரண்டாவது வகை. பையன் பக்கம் என் ஓட்டு.

—

பழைய டிரசர் எழுதியது:

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். நான் பேராக் தோட்டங்களில் டிரசராக இருந்து ஓய்வு பெற்றவன். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: தோட்டத்து மருந்தகத்தில் காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து, பிரசவத்துக்கு ஆள் அனுப்பி எல்லாம் பார்ப்பது டிரசர்தான். டாக்டர் எப்போதாவது காரில் வருவார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார்.

காமிக்ஸ் பைத்தியம் எனக்கு இரும்புக்கை மாயாவியிலிருந்து. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் போட்ட முதல் புத்தகம் அதுதான். ஒரு பிரதி கிடைத்தால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கச் சுற்றி, அட்டை இல்லாமல்தான் கைக்குத் திரும்பும். டீச்சர் கேட்டதற்கு நூல்முனை அந்தக் கதையிலேயே இருக்கிறது. மாயாவி யார்? ஆய்வுக்கூட உதவியாளன். ஆய்வுக்கூட விபத்தில் கை போனது பேராசிரியருக்கு இல்லை, உதவியாளனுக்கு. படிக்கிற வயதில் இது உறைக்கவில்லை, மாயமாய் மறைகிற வித்தை மட்டும்தான் பிடித்தது. பின்னால் மருந்தகத்தில் உட்கார்ந்தபோது உறைத்தது.

கேப்டன் தம்பி எண்ணத்தையும் முடிவையும் வைத்துக் கணக்குப் போடுகிறார். நான் இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு ஒன்றைத்தான் கேட்பேன். சோதனைக்கு உட்படுகிறவர் "வேண்டாம்" என்று சொன்னால் அவருக்கு என்ன ஆகும்?

ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழ், 1961. ரீட் ரிச்சர்ட்ஸ் ராக்கெட் செய்கிறான். ஓட்டப்போகிறவன் நண்பன் பென் கிரிம். காஸ்மிக் கதிர் என்ன செய்யும் என்று சரியாக ஆராயவில்லை, போனால் செத்துவிடுவோம் என்று பென் தெளிவாகச் சொல்கிறான். அதற்கு வந்த பதில் கணக்கோ ஆதாரமோ இல்லை. எதிரி நாட்டுக்காரன் முந்திவிடுவான் என்று ஒரு பயம், நீ இப்படிக் கோழையாக இருப்பாய் என்று நினைக்கவில்லை என்று ஒரு குத்தல். அதுவும் அவனுக்குப் பிடித்த பெண்ணின் வாயிலிருந்து. பென் ஏறிவிட்டான். கதிர் பட்டு நால்வர் உடம்பும் மாறிவிட்டது. மற்ற மூவரும் நினைத்தால் மனித உருவத்துக்கு வரலாம். பென்னுக்கு மட்டும் உடம்பு பாறையாகவே நின்றுவிட்டது. ரீட் கெட்டவன் இல்லை, பென்னைக் குணமாக்க எத்தனையோ பாடுபடுகிறான். ஆனால் பென் "சரி" என்று சொல்லி ஏறவில்லை, மானம் போகுமே என்று ஏறினான். சூப்பர் ஹீரோ கதைகளில் இதைவிட உண்மையான ஒரு காட்சி எனக்குத் தெரியாது, ஏனென்றால் வெளியுலகில் அநேக ஒப்புதல்கள் இப்படித்தான் வாங்கப்படுகின்றன.

தோட்டத்துக் கதை ஒன்று. மருந்தடிக்கிற பெண்களுக்குக் கைகளில் அரிப்பு, கொப்பளம் எல்லாம் சகஜம். ஒருமுறை ஒரு கம்பெனிக்காரர் புதுசாக ஒரு களிம்பு கொண்டுவந்தார். சில பெண்கள் சில வாரம் பூசிப் பார்க்கட்டும், நல்லதென்றால் எல்லோருக்கும் இலவசம் என்றார். நல்ல மனுஷன், உண்மையாகவே உதவத்தான் வந்தார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் தோட்ட மேலாளர் துரை நிற்கிறார், கணக்கெழுதுகிற கிராணி நிற்கிறார், வேலை வாங்குகிற மண்டோர் நிற்கிறார். யாருக்கு விருப்பம் என்று கேட்டார்கள். எல்லாக் கையும் தூக்கியாயிற்று. கம்பெனிக்காரருக்கு ஒரே மகிழ்ச்சி. சாயங்காலம் மருந்தகத்துக்கு வந்த ஒரு அக்காவிடம், உங்களுக்கு விருப்பம்தானா என்று தனியாகக் கேட்டேன். "நான் கையைத் தூக்கலைன்னா நாளைக்கு எந்த மலைக்காட்டுக்கு அனுப்புவானோ" என்றார். குடியிருக்கிற வீடு தோட்டத்தினுடையது, தண்ணீர் தோட்டத்தினுடையது, பிள்ளையை விட்டுப்போகிற ஆயாக்கொட்டகையும் அவர்களுடையதுதான்.

அந்தக் களிம்பு நன்றாகவே வேலை செய்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேப்டன் தம்பி கணக்குப்படி எண்ணமும் நல்லது, முடிவும் நல்லது. ஆனால் களிம்பு கெடுதலாக இருந்திருந்தாலும் அதே கைகள்தான் தூக்கப்பட்டிருக்கும்.

கேப்டன் அமெரிக்காவைக் குறை சொன்னார்களா என்று கேட்டீர்களே, சொன்னார்கள் தம்பி, அந்தக் கதையைப் போட்ட மார்வெல் கம்பெனியே சொன்னது. 2003இல் வந்த ஒரு தொடரில் ஐசையா பிராட்லி என்று ஒரு பாத்திரம். மருந்தைக் கண்டுபிடித்தவர் கொல்லப்பட்டதால் செய்முறை தொலைந்துபோகிறது. அதை மறுபடி உருவாக்க ராணுவம் கறுப்பினச் சிப்பாய்களின் உடம்பைப் பயன்படுத்துகிறது. பலர் சாகிறார்கள், அவன் தப்புகிறான். இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் டஸ்கீகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை அரசாங்க சுகாதாரத் துறையே நடத்திய ஆய்வின் நிழல் அதில் இருக்கிறது. சுமார் 600 கறுப்பினத்தவர்கள், அவர்களில் 399 பேருக்கு மேகநோய் (சிபிலிஸ்). சிகிச்சை தருவதாகச் சொல்லிவிட்டு, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. ஸ்டீவ் வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போயிருப்பான். ஐசையாவுக்கு அந்த வழி இல்லை. ஒரே மருந்து, இரண்டு கதை.

நம் நாட்டிலும் உண்டு. அந்தக் காலத்தில் வைட்டமின் பி1 குறைந்தால் வருகிற பெரிபெரி நோயால் இங்கே கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், முக்கியமாகச் சுரங்கத்தில் வேலை செய்த சீனர்கள். நம் ஆட்களுக்கு அவ்வளவாக வரவில்லை. காரணம் சாமி கிருபை இல்லை, புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கிற வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டிய பச்சரிசியில் அது போய்விடும். பிராடன் என்ற டாக்டர் இந்த வித்தியாசத்தைக் கவனித்துச் சொல்லியிருந்தார். 1905இல் வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் அதைச் சோதித்துப் பார்த்த இடம் எது தெரியுமா? கோலாலம்பூர் மனநோய் விடுதி. நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் சொல்லி, ஒற்றைப்படை எண்ணுக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல். வெள்ளை அரிசிப் பக்கம் நோய் பரவி 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் அந்த நோயால் யாரும் சாகவில்லை. அந்த ஒற்றைப்படை ஆட்களில் ஒருவர் "எனக்கு அந்த அரிசி வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? பைத்தியம் என்றுதானே உள்ளே வைத்திருந்தார்கள்.

பையனுக்கு என் பதில்: லிசார்ட் டாக்டர் தன் உடம்பில் மருந்து ஏற்றினார் என்பது பாதி உண்மைதான். வீட்டில் மார்த்தா என்று மனைவி இருக்கிறாள், பில்லி என்று சின்ன மகன் இருக்கிறான். ஊர் பக்கத்தில் இருக்கிறது. மருந்து தப்பினால் முதலில் மாட்டப்போவது யார்? அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய்ப்பாவது இருந்ததா?

—

கேப்டன் ரவாங் எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிராட்லி கதையை நான் படித்ததில்லை, தேடிப் பிடிக்கிறேன்.

ஆனாலும் ஒன்று. ஃபிளெட்சர் யாருக்கும் விஷம் கொடுக்கவில்லையே. வெள்ளை அரிசி அப்போது ஊரே சாப்பிட்டது. அந்தச் சோதனை நடந்ததால்தான் அரிசிதான் காரணம் என்று உறுதியானது, அப்புறம் எத்தனையோ உயிர் பிழைத்தது. அந்த 18 பேருக்காக அழுகிறோம், சரி. பிழைத்தவர்களை எந்தப் பக்கம் எழுதுவது? கேட்டுத்தான் செய்யவேண்டும் என்று இருந்திருந்தால் அந்தச் சோதனையே நடந்திருக்காது.

—

ஈப்போ மிஸ்ஸி எழுதியது:

நான் மருந்துச் சோதனைகளில் ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிற மிஸ்ஸி, அதாவது தாதி. எண்பது வயதுப் பாட்டிக்கு ஒப்புதல் பாரத்தைத் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டுவது என் தினசரி வேலை. படித்து முடித்ததும் அநேகம் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரே?" டிரசர் ஐயா பெரட்டுக்களத்தில் பார்த்ததைத்தான் நான் ஏர்கண்டிஷன் அறையில் பார்க்கிறேன். அதனால் டாக்டரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் நான் கேட்பேன். வீட்டுக்குப் போய் மகன் மகளிடம் பேசிவிட்டு வாருங்கள் என்பேன். சிலர் திரும்பி வருவதில்லை, அதற்காக அவர்களுடைய வழக்கமான சிகிச்சையில் ஒரு மாத்திரைகூடக் குறையாது.

பையனுக்கு உதவும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அவன் வாதத்தில் உயிர் இருக்கிறது. நாஜி டாக்டர்கள் வழக்குக்குப் பிறகு 1947இல் வந்த நியூரம்பெர்க் விதிகள் முதலில் கேட்பதே சுயவிருப்பமான ஒப்புதலைத்தான். ஆனால் அதே விதிகளில், சாவோ ஊனமோ நேரும் என்று முன்பே தெரிந்தால் சோதனை செய்யாதே என்று சொல்லும் இடத்தில் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது: சோதிக்கிற டாக்டரே சோதனைக்கும் உட்படுகிறார் என்றால் ஒருவேளை பரவாயில்லை என்கிறது. கானர்ஸ் அந்தக் கதவு வழியாகத்தான் போகிறார்.

நிஜ கானர்ஸும் இருக்கிறார். ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல். வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும் இல்லை, ஒரு கிருமி என்று சொன்னார், யாரும் நம்பவில்லை. 1984இல் அந்தக் கிருமியை வளர்த்து, கலக்கி, தானே குடித்தார். வாந்தி, வயிற்று அழற்சி. 2005இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு. வால் முளைக்கவில்லை.

ஆனால் மார்ஷலுக்கும் லிசார்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதிர்ஷ்டத்தை விட்டுவிட்டுச் சொல்கிறேன். மார்ஷல் தான் குடித்தது என்ன கிருமி, அதை எந்த மருந்து கொல்லும் என்று முன்பே ஆய்வுக்கூடத்தில் பார்த்து வைத்திருந்தார். திரும்பி வர வழி வைத்துக்கொண்டு உள்ளே போனார். கானர்ஸ் மாற்றுமருந்து வைத்துக்கொண்டா மருந்தை ஏற்றிக்கொண்டார்? அதை ஸ்பைடர்மேன் அல்லவா தயாரிக்க வேண்டியிருந்தது! எங்கள் பாரத்தில் எனக்குப் பிடித்த வரி, எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்பதுதான். லிசார்ட் ஆன பிறகு கானர்ஸாலேயே விலக முடியவில்லை. பாறையான பென்னும் எங்கே விலகுவான்?

—

பழைய டிரசர் எழுதியது:

மிஸ்ஸி அம்மா சொன்னது அருமை. கேப்டன் தம்பிக்கு ஒரு பதில் பாக்கி.

கேட்டுச் செய்தால் சோதனையே நடந்திருக்காது என்கிறீர்கள். அதே அரிசிச் சோதனையை ஃபிரேசர், ஸ்டாண்டன் என்று இரண்டு பேர் 1907இல் நெகிரி செம்பிலானில் ரோடு போட வந்த ஜாவாக்காரர்களை வைத்துத் திரும்பச் செய்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெள்ளை, ஒரு கூட்டத்துக்குப் புழுங்கல். வெள்ளைப் பக்கம் நோய் தலைகாட்டியதும் அந்த அரிசியை நிறுத்தினார்கள். நோயும் நின்றது. அப்படி நின்றதே அரிசிதான் காரணம் என்பதற்கு இன்னொரு சாட்சி ஆயிற்று. அவர்களும் காடு வெட்டி ரோடு போட வந்த ஏழைகள்தான், வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் பிணம் விழும்வரை காத்திருந்தால்தான் உண்மை தெரியும் என்பது பொய் என்று அதில் தெரிகிறது.

பிழைத்தவர்களை எந்தப் பக்கம் எழுதுவது என்றால், தாராளமாக ஃபிளெட்சர் பக்கம் எழுதுங்கள். அந்த 18 பேரையும் அவர் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்காதீர்கள், அவ்வளவுதான்.

—

குளுவாங்காரன் எழுதியது:

இங்கே எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டவனைப் பற்றியே பேசுகிறீர்கள். ஊசியே போடாமல் மாட்டுகிறவனை எங்கே வைப்பது?

என் அம்மா செம்பனையில் ஆண் பூவின் தூளை எடுத்துப் பெண் பூவில் தூவுகிற வேலை செய்தவர். மரத்துக்கு மரம், முள்ளுக்கு நடுவில். செம்பனைக்குக் காற்றுதான் சேர்க்கை செய்கிறது, இங்கே காற்று போதவில்லை, அதனால் கையால் செய்யவேண்டும் என்று நம்பிய காலம். ரஹ்மான் சையத் என்ற பூச்சி ஆய்வாளர் ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பார்த்து, அங்கே அந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன வண்டு என்று கண்டுபிடித்தார். கேமரூனிலிருந்து வண்டைக் கொண்டுவந்து 1981இல் எங்கள் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில்தான் முதலில் விட்டார்கள். அதற்கு முன் அது வேறு பயிரைத் தின்னுமா, வேறு செடியில் பெருகுமா என்று சோதித்தார்கள், நோய் ஏதாவது கூடவே வருமா என்று தனியாக அடைத்து வைத்துப் பார்த்தார்கள். சூப்பர் ஹீரோ படத்து விஞ்ஞானி எவனும் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. வண்டு பிரமாதமாக வேலை செய்தது. அம்மாவுக்கு அந்த வேலை போயிற்று.

வண்டை நான் திட்டவில்லை, அம்மாவும் திட்டியதில்லை. முள்குத்து விட்டது என்றுதான் சொன்னார். ஆனால் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க், பிறகு மனிதர்களுக்கே எதிரியான அல்ட்ரான் என்ற இயந்திரத்தை உருவாக்கியபோது என்ன செய்தான்? உலகத்துக்கே கவசம் போடுகிறேன் என்று விஞ்ஞானி பேனரை மட்டும் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களிடம் சொன்னால் விவாதம் வரும் என்று மறைத்துச் செய்தான். கவசத்துக்கு அடியில் இருக்கப்போகிறவர்களை யாருமே கேட்கவில்லை. டிரசர் ஐயாவின் கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் அது கேட்கப்பட்டவனுக்கு மட்டும்தான் பொருந்தும்.

—

பழைய டிரசர் எழுதியது:

குளுவாங் தம்பி, நியாயம். ஆனால் உடம்பையும் வேலையையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். சையத் செய்யவேண்டியதைச் செய்தார். அந்தப் பெண்களுக்கு முன்கூட்டியே சொல்லி மாற்று வேலை கொடுப்பது துரைமார் பொறுப்பு. அதை விஞ்ஞானி தலையில் கட்டினால் துரைமார் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஸ்டார்க் விஷயம் வேறு, அங்கே விஞ்ஞானியும் அவன்தான், துரையும் அவன்தான். அதனால்தான் அவனைப் பார்த்தால் எனக்குப் பயம், லிசார்டைப் பார்த்தால் அந்தப் பயம் வருவதில்லை, பாவம்.

—

சிப்புட் டீச்சர் எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. பென் கிரிம்மை எதிரணிக்குக் கொடுத்துவிட்டேன். ஸ்டார்க்கை யாருக்குக் கொடுப்பது என்று இன்னும் சண்டை நடக்கிறது. நியூரம்பெர்க் விதியில் அந்தச் சின்னக் கதவைப் பற்றிச் சொன்னதும் லாரிக்காரர் மகன் குதித்தான், பேரி மார்ஷலைக் கேட்டதும் இன்னும் குதித்தான். ஆனால் மார்ஷல் சூப்பர் ஹீரோ இல்லை, விதிப்படி அவரைக் கொண்டுவர முடியாது என்று எதிரணி ஆட்சேபம் செய்திருக்கிறது. நோபல் வாங்கினால் சூப்பர் ஹீரோதான் என்று இவன் வாதாடுகிறான். நடுவர் நான்தான். மிஸ்ஸி, அந்த ஒப்புதல் பாரத்தில் பெயர் எதுவும் இல்லாத வெற்றுப் பிரதி ஒன்று கிடைக்குமா? மார்த்தா கானர்ஸுக்கு ஒன்று எழுதிப் பார்க்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.